ஆகாயத்தில் ஆயிரம் அடி

2025 ஆகஸ்ட் 10-ந் தேதி ஞாயிற்றுக்கிழமை இரவு, திருவனந்தபுரத்திலிருந்து டெல்லிக்குப் புறப்பட்ட ஏர் இந்தியா விமானம் டெல்லி போய்ச் சேரவில்லை. சென்னையில் இறங்கிற்று. அந்த விமானத்தில் ஐந்து பார்லிமெண்ட் உறுப்பினர்கள் இருந்தார்கள். நால்வர் கேரளத்தவர், ஐந்தாமவர் திருநெல்வேலித் தொகுதியின் உறுப்பினர். ஆகவே, சாதாரணமாக உள்பக்கத்தில் நான்கு வரிச் செய்தியாகப் போயிருக்க வேண்டிய விஷயம் மறுநாள் நாடு முழுவதும் முதல் பக்கத்துக்கு வந்துவிட்டது.

விமானத்தில் கோளாறு இருக்குமோ என்ற சந்தேகத்தாலும், வானிலை சரியில்லாததாலும் முன்ஜாக்கிரதையாகச் சென்னைக்குத் திருப்பியதாகக் கம்பெனி சொல்லிற்று. இறங்க அனுமதி கிடைக்காமல் சுமார் இரண்டு மணி நேரம் வட்டமிட்டதாகவும், முதல் தடவை இறங்கப் போனபோது ஓடுபாதையில் இன்னொரு விமானம் இருந்ததாகத் தெரிய வந்ததாகவும், விமானி சட்டென்று மேலே தூக்கியதால் தப்பினோம் என்றும் உறுப்பினர் கே. சி. வேணுகோபால் எழுதினார். வேறு விமானம் இருந்ததால் அல்ல, சென்னைக் கட்டுப்பாட்டு நிலையம் மறுபடி மேலே போகச் சொன்னதால்தான் போனோம் என்று கம்பெனி மறுத்தது.

ஓடுபாதையில் விமானம் இருந்ததா இல்லையா என்பதிலேயே விவாதம் நின்றுவிட்டது. நமது அபிப்பிராயம் வேறு. இறங்க வந்த விமானம் இறங்காமல் மறுபடி மேலே போவது விபத்து அல்ல. விபத்தைத் தடுப்பதற்காக ஏற்பட்ட ஏற்பாடு. அதைச் செய்ததற்காக விமானியையோ கட்டுப்பாட்டு அதிகாரியையோ குறை சொல்லக் கூடாது. மாறாக, "மேலே போ" என்று சொல்ல வேண்டிய மனிதர் தூங்காமல், களைக்காமல், தனியாகத் தவிக்காமல் தமது இடத்தில் இருக்கிறாரா என்றுதான் கேட்க வேண்டும். அந்தக் கேள்வியை அன்று யாரும் உரக்கக் கேட்கவில்லை.

இது நமக்கு அந்நியமான விஷயம் அல்ல. சாலைக் கடைத்தெருவில் மூட்டை தூக்குகிறவரின் மகனும், கரமனையில் குடியிருக்கும் குமாஸ்தாவின் மருமகனும் வளைகுடா நாட்டில் வேலை பார்க்கிற காலம் இது. கன்னியாகுமரி ஜில்லாவாசிகளுக்கும், தென் திருநெல்வேலிக்காரர்களுக்கும் வெளிநாடு போகக் கைக்கெட்டிய விமான நிலையம் திருவனந்தபுரம்தான். மார்த்தாண்டத்திலிருந்தும் நாகர்கோவிலிலிருந்தும் கார் வைத்துக் கொண்டு வந்து, கண்ணைத் துடைத்துக் கொண்டு வழியனுப்பிவிட்டுப் போகும் குடும்பங்களை இங்கே எந்த நாளும் பார்க்கலாம். உள்ளே போனவர் விமானத்தில் ஏறிய பிறகு என்ன நடக்கிறது என்பது வெளியே நிற்பவர்களுக்குத் தெரிவதில்லை; ஏறியவருக்கும் தெரிவதில்லை.

நடப்பது இதுதான். என்ஜினை ஓட்டத் துவங்குவதற்கு முன்பே விமானி ரேடியோவில் அனுமதி கேட்கிறார். எந்த ஊருக்கு, எந்தப் பாதையில், முதலில் எவ்வளவு உயரம் வரை, ராடாரில் தன்னை அடையாளம் காட்ட எந்த நான்கு எண்களைப் போட்டுக் கொள்ள வேண்டும் என்பதெல்லாம் கட்டுப்பாட்டு அதிகாரி சொல்வார். அதை விமானி ஒரு வார்த்தை விடாமல் திருப்பிச் சொல்ல வேண்டும். "சரி", "புரிந்தது" என்றால் போதாது. அவர் திருப்பிச் சொல்வதை அதிகாரி காது கொடுத்துக் கேட்டு, பிசகு இருந்தால் திருத்த வேண்டும். சொல்வது ஒருவர் கடமை, திருப்பிச் சொல்வது மற்றவர் கடமை, திருப்பிச் சொன்னதைக் கேட்பது மறுபடியும் முதலாமவர் கடமை. இந்த மூன்றும் முடிந்தால்தான் அனுமதி அனுமதியாகும்.

ஒற்றைப் பாதை ரயிலில் டோக்கன் என்று ஒன்று உண்டு. அந்த டோக்கன் கையில் இல்லாமல் டிரைவர் அடுத்த ஸ்டேஷனுக்கு வண்டியை எடுக்க மாட்டார். ஒரு பகுதிக்கு ஒரு டோக்கன். ஆகவே ஒரு பகுதியில் ஒரு வண்டி. ஆகாயத்தில் தண்டவாளமும் இல்லை, கையில் கொடுக்க டோக்கனும் இல்லை. திருப்பிச் சொல்லப்பட்ட வார்த்தைதான் டோக்கன்.

புறப்பட்ட விமானம் கோபுரத்தின் கையிலிருந்து அடுத்த அதிகாரியின் கைக்கும், அவரிடமிருந்து சென்னைக்கும், சென்னையிலிருந்து பம்பாய்க்கும், நடுக்கடலைத் தாண்டியபின் மஸ்கட்டுக்கும் மாற்றிக் கொடுக்கப்படுகிறது. ஒவ்வொருவருக்கும் ஒரு தனி ரேடியோ அலைவரிசை. விமான நிலையத்தின் கட்டிடமும் கடைகளும் 2021 அக்டோபரில் தனியார் நிர்வாகத்துக்குப் போய்விட்டன என்பது வாசகர்களுக்குத் தெரியும். ஆனால் கோபுரம் போகவில்லை. அதில் உட்கார்ந்திருப்பவர்கள் இன்றும் மத்திய சர்க்காரைச் சேர்ந்த விமான நிலைய ஆணையத்தின் ஊழியர்கள். டீ விலை பற்றிய புகார் ஒரு இடத்துக்கும், கோபுரத்தைப் பற்றிய புகார் வேறு இடத்துக்கும் போக வேண்டும்.

இனி உயரம். கடல் மேலே எல்லாம் ஒரே வெளி என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் அங்கே மாடிகள் இருக்கின்றன. திருவனந்தபுரத்திலிருந்து துபாய்க்கோ ஷார்ஜாவுக்கோ போகும் விமானம் மேற்குத் திசையில் போகிறது. மேற்கே போகிறவற்றுக்கு 30,000, 32,000, 34,000, 36,000 அடி என்று இரட்டைப் படை ஆயிரங்கள். அங்கிருந்து ஊருக்குத் திரும்புகிறவற்றுக்கு 31,000, 33,000, 35,000 அடி என்று ஒற்றைப் படை ஆயிரங்கள். பொது விதி இது. போகிறவனுக்கும் வருகிறவனுக்கும் நடுவே ஆயிரம் அடி. முன்காலத்தில் 29,000 அடிக்கு மேலே இந்த இடைவெளி 2,000 அடியாக இருந்தது. உயரத்தைக் காட்டும் கருவிகள் நுட்பமான பிறகு, நமது ஆகாயத்தில் 2003 நவம்பர் 27 முதல் ஆயிரமாகக் குறைத்தார்கள். அதனால் ஒரே பாதையில் இரண்டு மடங்கு விமானங்கள் போக இடம் கிடைத்தது. அதே சமயம் பிசகுவதற்கான இடம் பாதியாயிற்று.

ஆயிரம் அடி என்றால் சுமார் 300 மீட்டர். பூமியில் நடந்தால் நாலு நிமிஷ தூரம். ஆகாயத்தில் மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு விமானங்கள் எதிரும் புதிருமாக வந்தால், அவை ஒன்றையொன்று நெருங்கும் வேகம் விநாடிக்கு 500 மீட்டர். தூரத்தில் புள்ளியாகத் தெரிவதைக் கண்ணால் பார்த்து, இன்னதென்று நிச்சயித்து, விமானத்தைத் திருப்புவதற்கு மனிதனுக்கு அவகாசம் இல்லை. ஆகையால்தான் கண்ணை நம்பாமல் விதியை நம்புகிறார்கள்.

ஒரே உயரத்தில் போகிறவற்றுக்குத் தூரக் கணக்கு. ராடார் பார்த்துக் கொண்டிருக்கும் இடத்தில் பொதுவாக ஐந்து கடல் மைல், அதாவது சுமார் ஒன்பது கிலோமீட்டர். சில விமான நிலையங்களின் அருகில் மூன்று கடல் மைல். ராடார் எட்டாத நடுக்கடலில் முன்னும் பின்னும் போகிறவற்றுக்குப் பத்து நிமிஷம் என்பது பழைய அளவு; இப்போது செயற்கைக் கோள் வழியாகச் செய்தி போய் வருவதால் 50 கடல் மைல் வரை குறைக்க முடிகிறது. பெரிய விமானத்தின் பின்னால் சிறிய விமானம் போனால் இன்னும் கூடுதல் இடைவெளி வேண்டும். பெரியதன் இறக்கைகளிலிருந்து கிளம்பும் சுழல் காற்று சிறியதைப் புரட்டிவிடும். ஓடுபாதையிலோ கணக்கே இல்லை. ஒரு சமயத்தில் ஒன்றுதான்.

இந்தக் கடைசி விதிக்குத் திருவனந்தபுரத்தில் ஒரு தனி அழகு உண்டு. பங்குனியிலும் ஐப்பசியிலும் வருஷத்துக்கு இரண்டு முறை பத்மநாப சுவாமி ஆராட்டுக்காக சங்குமுகம் கடற்கரைக்கு எழுந்தருளுகிறார். ஊர்வலம் போகும் வழி விமான நிலைய ஓடுபாதையின் குறுக்கே போகிறது. பெருமாள் போகும் வழியில் பின்னால்தான் ஓடுபாதை வந்தது என்று சொல்வது இன்னும் சரி. அந்த நாட்களில் மாலை நான்கு மணியிலிருந்து சுமார் ஐந்து மணி நேரம் ஓடுபாதையை மூடிவிடுகிறார்கள். முன்கூட்டியே உலகத்து விமானிகளுக்கெல்லாம் அறிவிப்புப் போகிறது. கம்பெனிகள் நேரத்தை மாற்றிக் கொள்கின்றன. யாரும் குறைப்பட்டுக் கொள்வதில்லை. ஆராட்டுக்காகக் காத்திருக்கத் தெரிந்த நமக்கு, எதிரே இன்னொரு விமானம் இருக்கிறது என்பதற்காகக் காத்திருக்க ஏன் பொறுமை இல்லை என்பது விளங்கவில்லை.

வார்த்தைதான் டோக்கன் என்றோம். வார்த்தை பிசகினால் என்ன ஆகும்? தமிழ்நாட்டிலிருந்து புதிதாக இந்த ஊருக்கு வந்தவர் ஹோட்டலில் "வெள்ளம் வேணுமோ?" என்று கேட்கப்பட்டுத் திகைத்த கதை நம் எல்லோருக்கும் தெரியும். தூரத்துப் பாஷை புரியவில்லை என்றால் மறுபடி கேட்டுக் கொள்வோம். பக்கத்துப் பாஷை புரிந்தது போல இருக்கும், அதுதான் ஆபத்து.

மலேயாவில் 1989 பிப்ரவரி 19-ந் தேதி நடந்தது இதுவே. அன்று விடியற்காலை சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூருக்கு ஒரு அமெரிக்கச் சரக்கு விமானம் வந்தது. 2,400 அடிக்கு இறங்கு என்று அதிகாரி ஆங்கிலத்தில் சொன்னார். எண்களை ஒவ்வொன்றாகச் சொல்வது வழக்கமாதலால் "டூ, போர், ஜீரோ, ஜீரோ" என்றார். ஆங்கிலத்தில் "இரண்டு" என்பதும் டூ. "இந்த அளவுக்கு" என்பதும் டு. விமானியின் காதில் "400 அடிக்கு இறங்கு" என்று விழுந்தது. "சரி, போர், ஜீரோ, ஜீரோ" என்று திருப்பிச் சொன்னார். கேட்க வேண்டியவர் அதைப் பிடிக்கவில்லை. விமானம் குன்றில் மோதி அதிலிருந்த நால்வரும் மாண்டார்கள். திருப்பிச் சொல்லுதல் நடந்தது. மூன்றாவது படியான கேட்டல் நடக்கவில்லை.

1977 மார்ச் 27-ல் டெனரீப் தீவில் நடந்தது இன்னும் கோரம். மூடுபனி. இரண்டு ஜம்போ விமானங்கள் ஒரே ஓடுபாதையில். புறப்பட்ட பிறகு போக வேண்டிய பாதைக்குக் கொடுத்த அனுமதியை, புறப்படுவதற்கே அனுமதி என்று ஒரு விமானி எடுத்துக் கொண்டார். "நாங்கள் இன்னும் ஓடுபாதையில்தான் இருக்கிறோம்" என்று மற்ற விமானி எச்சரித்த அதே விநாடியில் கோபுரமும் பேசிற்று. ஒரு அலைவரிசையில் இருவர் பேசினால் இருவர் குரலும் போய் ஒரு கீச்சொலிதான் கேட்கும். 583 பேர் செத்தார்கள். அதற்குப் பிறகுதான் "டேக் ஆப்" என்ற வார்த்தையை, உண்மையிலேயே புறப்பட அனுமதி கொடுக்கும்போதும் அதை ரத்துச் செய்யும்போதும் தவிர, வேறெப்போதும் வாயில் எடுக்கக் கூடாது என்று கட்டுப்பாடு செய்தார்கள்.

நமது நாட்டில் நடந்ததைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். செத்தவர்கள் நம்மைப் போன்றவர்கள்.

1996 நவம்பர் 12-ந் தேதி மாலை ஆறரை மணி அளவில் டெல்லியிலிருந்து சவூதி அரேபிய ஜம்போ விமானம் ஒன்று புறப்பட்டது. 312 பேர். பெரும்பாலோர் இந்தியர்கள், அவர்களில் பலர் சவூதியில் கூலி வேலையும் கைத்தொழிலும் செய்து வயிறு கழுவி, வீட்டுக்குப் பணம் அனுப்பிக் கொண்டிருந்தவர்கள். அதே நேரத்தில் கஜகஸ்தானிலிருந்து 37 பேருடன் இன்னொரு விமானம் டெல்லியை நோக்கி வந்து கொண்டிருந்தது. அந்நாளில் டெல்லிக்கு வருவதற்கும் போவதற்கும் சிவிலியன் விமானங்களுக்கு ஒரே பாதைதான். மற்ற ஆகாயத்தில் பெரும்பகுதி விமானப் படையின் உபயோகத்தில் இருந்தது.

அதிகாரி சவூதி விமானத்தை 14,000 அடிக்கு ஏறி அங்கேயே இருக்கச் சொன்னார். கஜக் விமானத்தை 15,000 அடி வரை இறங்கச் சொன்னார். நடுவே அதே ஆயிரம் அடி. கஜக் விமானம் 15,000 அடிக்கு வந்துவிட்டதாக ரேடியோவில் சொல்லிற்று. எதிரே ஜம்போ வருகிறது, பத்து மைல், கண்ணில் பட்டதும் சொல் என்று அதிகாரி எச்சரித்தார். அவர்கள் விளக்கம் கேட்டார்கள். எட்டு மைல், 14,000 அடியில் வருகிறது என்று மறுபடி சொன்னார். சொன்னதெல்லாம் சரி. கேட்டதும் சரி போலத்தான் இருந்தது. ஆனால் கஜக் விமானம் 15,000 அடியில் நிற்கவே இல்லை. இறங்கிக் கொண்டே இருந்தது. ஹரியானாவில் சர்க்கி தாத்ரி என்ற ஊருக்கு மேலே, மேகத்துக்குள், இரண்டும் மோதிக் கொண்டன. 349 பேரில் ஒருவரும் மிஞ்சவில்லை. ஆகாயத்தில் இரு விமானங்கள் மோதி இத்தனை உயிர் போனது உலகத்தில் அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை.

நீதிபதி லகோட்டி விசாரணை செய்தார். குற்றம் கஜக் விமானத்தின் மீது என்று முடிவாயிற்று. அந்த விமானத்தில் ஆங்கிலம் பேசி ரேடியோவைக் கவனித்தவர் வேறு. விமானத்தை ஓட்டியவர்கள் வேறு. ஓட்டியவர்களுக்கு ஆங்கிலம் போதாது. ரேடியோக்காரருக்கு முன்னால் உயரம் காட்டும் கருவி இல்லை. விமானிகளின் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துத்தான் தெரிந்து கொள்ள வேண்டும். கடைசி விநாடிகளில் அவர் எட்டிப் பார்த்து, மேலே ஏறு என்று கத்தியிருக்கிறார். ஏறினார்கள், அது ஜம்போவின் மீதே கொண்டு போய் விட்டது. காதில் விழுந்த உத்தரவு கைக்கு வந்து சேர இடையில் ஒரு ஆள் இருந்தான். அந்த ஒரு ஆள் இடைவெளியில் ஆயிரம் அடி இடைவெளி காணாமல் போயிற்று.

குற்றம் அவர்கள் மீது என்பதோடு நாம் கையைக் கழுவிவிட முடியாது. டெல்லியில் அப்போது இருந்தது பழைய மாதிரி ராடார். விமானம் எங்கே இருக்கிறது என்று புள்ளி காட்டும். எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று காட்டாது. "15,000 அடியில் இருக்கிறேன்" என்று ரேடியோவில் வந்த வார்த்தையை நம்புவதைத் தவிர அதிகாரிக்கு வேறு வழி இல்லை. உயரத்தையும் காட்டும் ராடார் அன்று அவர் முன்னால் இயங்கியிருந்தால், 500 அடி தவறியதை அவர் கண்ணாலேயே பார்த்திருப்பார். விபத்துக்குப் பிறகு வரும் பாதையும் போகும் பாதையும் தனித்தனியாக்கப்பட்டன. புது ராடார் வேலைக்கு வந்தது. எதிரே விமானம் வந்தால் தானே எச்சரித்து ஏறவோ இறங்கவோ சொல்லும் கருவி இந்திய ஆகாயத்தில் கட்டாயமாக்கப்பட்டது. 349 பேர் சாவதற்கு முந்தின வருஷமே இவற்றைச் செய்திருக்கலாம். சர்க்கார் காரியம் என்றால் முதலில் பிணம் விழ வேண்டும் என்பது நமது நாட்டில் எழுதாத விதியாக இருக்கிறது.

கருவி வந்துவிட்டதே, இனி என்ன பயம் என்று கேட்கலாம். 2002 ஜூலை 1-ந் தேதி இரவு ஜெர்மனியில் உபர்லிங்கன் என்ற ஊருக்கு மேலே இரு விமானங்கள் மோதி 71 பேர் மாண்டார்கள். பெரும்பாலோர் உல்லாசப் பயணம் போன ரஷ்யப் பள்ளிப் பிள்ளைகள். இரண்டு விமானங்களிலும் அந்தக் கருவி இருந்தது. பிள்ளைகள் இருந்த விமானத்தைக் கருவி ஏறச் சொல்லிற்று. பூமியிலிருந்த அதிகாரி இறங்கச் சொன்னார். விமானி அதிகாரி பேச்சைக் கேட்டார். மற்ற விமானமும் கருவி சொன்னபடி இறங்கிக் கொண்டிருந்தது. அதிகாரி ஏன் பிசகினார்? இரண்டு பேர் பார்க்க வேண்டிய வேலையை அவர் ஒருவர் பார்த்துக் கொண்டிருந்தார். இன்னொருவர் ஓய்வு அறையில். இரண்டு மேஜைகள், இரண்டு திரைகள், இரண்டு அலைவரிசைகள். முக்கியமான டெலிபோன் ரிப்பேரில். கருவியும் அதிகாரியும் முரண்பட்டால் கருவி சொல்வதையே கேட்க வேண்டும் என்ற விதி அதன் பிறகு உலகம் முழுவதும் உறுதியாக்கப்பட்டது. நல்ல விதி. ஆனால் ஒரு மனிதனை இரவெல்லாம் இரண்டு மேஜைகளுக்கு நடுவே ஓடவிட்டதுதான் மூல காரணம் என்பது மாறவில்லை.

இந்தியாவிலும் இதற்கு அறிகுறிகள் இல்லாமல் இல்லை. 2022 ஜனவரியில் பெங்களூரில் பக்கத்துப் பக்கத்து ஓடுபாதைகளிலிருந்து இண்டிகோ கம்பெனியின் இரு விமானங்களை ஏறக்குறைய ஒரே சமயத்தில் புறப்பட விட்டுவிட்டார்கள். ஒரு ஓடுபாதையை மூடுவது என்று எடுத்த முடிவு அதைக் கவனிக்கும் அதிகாரிக்குப் போய்ச் சேரவில்லை. ராடார் அதிகாரி பார்த்து இரண்டையும் விலக்கித் திருப்பினார், தப்பினார்கள். 2025 நவம்பர் 7-ந் தேதி டெல்லியில் விமானங்களின் பயணத் திட்டங்களைக் கட்டுப்பாட்டு அதிகாரிகளுக்கு அனுப்பும் கம்ப்யூட்டர் நின்று போயிற்று. அதிகாரிகள் கையால் எழுதிச் சமாளித்தார்கள். எண்ணூறுக்கு மேற்பட்ட விமானங்கள் தாமதமாயின. பிரயாணிகள் கோபப்பட்டார்கள். நியாயம்தான், ஆனால் அந்த நாளில் தாமதமாகாமல் எல்லாம் நேரத்துக்குப் போயிருந்தால்தான் நாம் பயப்பட்டிருக்க வேண்டும்.

கட்டுப்பாட்டு அதிகாரிகள் போதவில்லை, இருப்பவர்கள் அளவுக்கு மீறிய நேரம் வேலை செய்து களைத்துப் போகிறார்கள் என்று, போக்குவரத்துத் துறைக்கான பார்லிமெண்ட் நிலைக்குழுவே 2025 ஆகஸ்டில் அளித்த அறிக்கையில் கவலை தெரிவித்திருக்கிறது. இவர்களுக்கு இத்தனை மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது என்று சட்டமே இருக்கிறது. சட்டத்தைப் போட்ட கையே விலக்கும் கொடுத்தால் அந்தச் சட்டம் எதற்கு? நமது ஆபீஸ்களில் குமாஸ்தா களைத்துப் போனால் ஒரு பைலில் கூட்டல் தப்பும்; மறுநாள் அடித்து எழுதலாம். இங்கே அடித்து எழுத மறுநாள் கிடையாது.

திருவனந்தபுரத்துக்குக் கூடுதலான பொறுப்பு ஒன்றும் இருக்கிறது. இங்கே ஓடுபாதை ஒன்றுதான். வளைகுடா விமானங்களும், உள்நாட்டு விமானங்களும் அந்த ஒன்றில்தான் முறை வைத்துக் கொண்டு இறங்க வேண்டும், ஏற வேண்டும். தெற்கு விமானப் படைத் தலைமையகமும் இதே நகரில் இருக்கிறது. எதிர்பாராத விருந்தாளிகளும் வருவதுண்டு. 2025 ஜூன் 14-ந் தேதி இரவு பிரிட்டிஷ் கப்பல் ஒன்றிலிருந்து பறந்து வந்த எப்-35 போர் விமானம், எண்ணெய் குறைந்து, வானிலை மோசமாகி, இங்கே இறங்க அனுமதி கேட்டது. கொடுத்தார்கள். அது ஐந்து வாரத்துக்கு மேல் இங்கேயே கிடந்து, ஜூலை 22-ல்தான் போயிற்று. அதைப் பற்றி எத்தனையோ வேடிக்கைப் படங்கள் வெளிவந்தன. அன்றிரவு மழையில் வழக்கமான போக்குவரத்துக்கு நடுவே அதற்கு வழி ஒதுக்கி இறக்கிவிட்டவர்களைப் பற்றி ஒரு வரி வந்ததாக நமக்கு நினைவில்லை.

நாம் கேட்பது அதிகம் அல்ல. காலியாக இருக்கும் கட்டுப்பாட்டு அதிகாரிப் பதவிகளை மத்திய சர்க்கார் தாமதமின்றி நிரப்ப வேண்டும். ஆளைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்து லைசென்ஸ் வாங்கித் திரைக்கு முன் உட்கார வைக்க மாதங்கள் பிடிக்கும் என்பதால், விமானங்கள் வாங்கும்போதே ஆட்களையும் எடுத்திருக்க வேண்டும். கம்பெனிகள் நூற்றுக் கணக்கில் புது விமானங்களுக்கு ஆர்டர் கொடுக்கும் செய்தி வரும்போதெல்லாம் மந்திரிகள் கைதட்டுகிறார்கள். கூடவே எத்தனை அதிகாரிகளுக்கு ஆர்டர் கொடுத்தோம் என்பதையும் சொல்லட்டும். வேலை நேர வரம்புக்குக் கொடுத்த விலக்குகளை ரத்துச் செய்ய வேண்டும். இரவு வேலையில் ஒரே ஆளை இரண்டு இடங்களுக்குப் போடும் வழக்கம் எந்த விமான நிலையத்தில் இருந்தாலும் அதை நிறுத்த வேண்டும்.

இன்னொன்று, வெளிப்படைத் தன்மை. ஒரு விமானம் இறங்காமல் மேலே போனால், அல்லது இரண்டு விமானங்கள் விதித்த இடைவெளிக்குள் வந்துவிட்டால், காரணம் என்ன என்பதைச் சில நாட்களுக்குள் இரண்டு பாராவில் பிரசுரிப்பதில் சர்க்காருக்கு என்ன நஷ்டம்? பெரிய விபத்துகளுக்கு விசாரணை அறிக்கை வருகிறது. தப்பித்த சம்பவங்களிலிருந்துதான் உண்மையில் அதிகம் கற்றுக் கொள்ள முடியும். செத்தவர்கள் யாரும் இல்லாததால் அவற்றில் யாரும் பொய் சொல்ல வேண்டிய அவசியமும் குறைவு. தவறை ஒப்புக் கொள்ளும் அதிகாரியைத் தண்டிக்காமல், மறைப்பவரை மட்டும் தண்டிக்கும் முறை வந்தால்தான் தவறுகள் மேஜைக்கு வரும்.

பிரயாணிகளுக்கும் ஒரு வார்த்தை. விமானம் வட்டமிட்டால் ஊழியரை அதட்டுவதும், கீழே இறங்கியதும் செல்போனில் "சாவிலிருந்து தப்பினோம்" என்று வீட்டுக்குச் சொல்லித் தாயாரைக் கலங்கடிப்பதும் வேண்டாம். கோபுரத்தில் ஒருவர் விதியைக் காப்பாற்றியிருக்கிறார். அதனால் நேரம் போயிற்று.

ஆகஸ்ட் 10-ந் தேதி அந்த விமானத்தில் இருந்த ஐந்து பார்லிமெண்ட் உறுப்பினர்களுக்கு மற்றவர்களுக்கு இல்லாத ஒரு வசதி உண்டு. அவர்கள் கேள்வி கேட்டால் மந்திரி எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டும். சென்னையில் அன்றிரவு மேலே போகச் சொன்னதற்குக் காரணம் என்ன, திருவனந்தபுரம் கோபுரத்துக்கும் சென்னைக் கோபுரத்துக்கும் அனுமதிக்கப்பட்ட அதிகாரிகள் எத்தனை பேர், வேலையில் இருப்பவர்கள் எத்தனை பேர், கடந்த ஒரு வருஷத்தில் எத்தனை நாள் வேலை நேர வரம்பு மீறப்பட்டது என்று வருகிற கூட்டத் தொடரில் அவர்கள் ஐவரும் கட்சி பேதம் பாராமல் கேட்க வேண்டும்.